ஹோலா, போர்டிங்கா, வீட்டிலிருந்தே போய்வருவதா? பேராதனைப் பொறியியல் பீடம் கிடைத்த மலையகப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

இன்ஜினியரிங் கிடைத்த வீட்டில் முதல் வாரம் வாழ்த்துகளிலேயே போய்விடும். அடுத்த வாரம் கேள்வி தொடங்கும்: பிள்ளை எங்கே தங்குவது? ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஹோல் (கம்பஸ் விடுதி) கிடைக்குமா என்ற யோசனை. கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளைக் குடும்பங்களுக்கோ தினமும் போய்வந்தால் காசு மிச்சமாகுமே என்ற யோசனை. பெரும்பாலான வீடுகளில் வாடகையை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார்கள். அது போதாது. பொறியியல் படிப்பில் காசைவிட முதலில் தீர்ந்துபோவது நேரம். மலிவான இடம் எத்தனை மணி நேரத்தை விழுங்குகிறது என்று எண்ணாமல் எடுத்த முடிவு, முதல் செமஸ்டர் முடிவு வரும்போதுதான் வலிக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

மணிக்கணக்கு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரப் படிப்பு. லெக்சர், லேப், டியூட்டோரியல், சொந்தப் படிப்பு, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு செமஸ்டரில் 17 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம்: 850 மணி. பரீட்சையோடு சேர்த்து 18 வாரம் என்றால் வாரத்துக்கு 47 மணி. இதில் ஏறத்தாழ 25 மணி வகுப்பிலும் லேப்பிலும் போகும். மிச்சம் 22 மணி நீங்களாக உட்கார்ந்து செய்ய வேண்டியது.

இப்போது ஒரு வார நாளைப் பிரித்துப் பாருங்கள். தூக்கம் 7 மணி, குளியல், சாப்பாடு, துணி துவைப்பது 3 மணி, காலை 8 முதல் மாலை 5 வரை கம்பஸில் 9 மணி. மிஞ்சுவது 5 மணி. ஐந்து நாளில் 25. தேவை 22. பயணமே இல்லாத ஒருவருக்குத்தான் இந்தக் கணக்கு சரிவரும். தினமும் 3 மணி நேரம் பஸ்ஸில் போனால் 15 மணி கழிந்து 10தான் நிற்கும். மிச்ச 12 மணியைக் கம்பஸில் வகுப்புகளுக்கு இடையிலுள்ள வெற்று மணிகளிலோ சனி, ஞாயிறிலோ தேட வேண்டும், அல்லது தூக்கத்தில் வெட்ட வேண்டும்.

குப்பி. பாடம் விளங்கிய ஒருவர் மற்றவர்களை உட்காரவைத்து, பழைய வினாத்தாளோடு சொல்லிக்கொடுப்பதைக் கம்பஸில் குப்பி என்பார்கள். தமிழ் மொழிமூலத்தில் உயர்தரம் செய்த பிள்ளைக்கு இது மேலதிக வசதி அல்ல, அடிப்படைத் தேவை. ‘சடத்துவத் திருப்பம்’ என்று படித்ததும் லெக்சரில் ‘மோமன்ட் ஒஃப் இனேர்ஷியா’ என்று சொல்வதும் ஒன்றுதான் என்று பிடிபடவே நாளாகும். கணக்குத் தெரியும், கேள்வி விளங்காது. அந்த இடைவெளியைத் தமிழில் நிரப்பித்தருவது பட்ச்காரரும் சீனியர்களும் எடுக்கும் குப்பிதான். அது இரவு எட்டு மணிக்குப் பிறகு நடப்பது. எனவே இரவு எட்டு மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது ஒரு முக்கியமான அளவுகோல்.

காசு. மாத வாடகையை மட்டும் பார்க்காமல் வருடக் கணக்கைப் பாருங்கள். விடுமுறை, பணிப்புறக்கணிப்பு, தொழிற்பயிற்சி என்று கம்பஸில் இல்லாத மாதங்களும் உண்டு. அந்த மாதங்களிலும் காசு போகுமா என்பதே கேள்வி.

உடம்பும் பாதுகாப்பும். மழை, இரவு நடை, பகிடிவதை, சாப்பாடு. இவற்றை ஒவ்வொரு பகுதியிலும் சேர்த்தே சொல்கிறோம்.

## ஹோல்

பொறியியல் பீடம் மகாவலியின் ஒரு கரையில், கம்பஸின் பெரும்பகுதி மறுகரையில். அக்பர்–நெல் ஹோல் பீடத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. லெக்சருக்குச் சில நிமிட நடை. அருணாசலம், ஜயதிலக, மார்ஸ் போன்றவை மறுகரையில். அங்கிருந்து அக்பர் பாலத்தைக் கடந்து வர வேண்டும். பெண்பிள்ளைகளுக்கான ஹில்டா ஒபேசேகர, சங்கமித்தா, விஜேவர்தன ஹோல்களும் மறுகரையில்தான். இருபது நிமிடம் நடை என்று வைத்தாலும் நாளுக்கு 40 நிமிடம், வாரத்துக்கு 3 மணி 20 நிமிடம். பஸ்ஸோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பின்னேரம் மழை பிடித்துக்கொள்ளும். லேப் ரிப்போர்ட்டையும் லெப்டொப்பையும் நனையாமல் கொண்டுபோக பிளாஸ்டிக் உறையும், காயாத சப்பாத்துக்கு மாற்றாக இன்னொரு சோடியும் தேவை.

ஹோலின் நன்மைகளில் முதலாவது குப்பி. ஒரே அறையில், ஒரே மாடியில் ஒரே பாடத்தோடு மல்லுக்கட்டும் பலர் இருப்பார்கள். நள்ளிரவில் வெப்ப இயக்கவியல் கணக்கு ஒன்று நின்றுவிட்டால் கதவைத் தட்ட ஆள் உண்டு. லேப் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தால், ஹோலில் இருப்பவர்கள் இரவிலேயே முடித்துவிடுவார்கள். வெளியே இருப்பவர் வட்ஸ்அப்பில் தன் பகுதியை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். அவர் அனுப்பியதை மற்றவர்கள் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் மற்றப் பகுதிகள் அவருக்கு விளங்காமலே போகும். பரீட்சையில் வருவது அந்தப் பகுதியாக இருக்கும்.

கட்டணம் மிகக் குறைவு. வெளி அறை வாடகையோடு ஒப்பிடவே முடியாது. மஹாபொல புலமைப்பரிசில் மாதத்துக்கு 7,500 ரூபாயாக 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. ஹோலில் இருந்தால் அந்தக் காசு சாப்பாட்டுச் செலவின் ஒரு பகுதியையாவது தாங்கும். போர்டிங்கில் அது வாடகைக்கே போய்விடும். மஹாபொலவின் முதல் தவணை கைக்கு வரச் சில மாதமாகலாம் என்பதால், முதல் மூன்று மாதச் செலவை வீட்டிலிருந்து தயார் செய்து வைப்பது நல்லது.

மறைந்த செலவுகள் எவை? அறையில் சமைக்க முடியாததால் மூன்று வேளையும் கேன்டீனோ கடைப் பார்சலோதான். ஒரு பார்சல் விலையை 60 ஆல் பெருக்கிப் பாருங்கள், பகலும் இரவும் மாதம் முழுக்க அதுதான் கணக்கு. அடுத்தது சத்தம். பத்து மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு ஒரு மணிக்கும் விளக்கு எரியும் அறை கஷ்டம். படிப்பை நூலகத்துக்கும் பீடத்து வெற்று வகுப்பறைக்கும் மாற்றிக்கொள்வதே வழி. நீண்ட விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்லலாம். பெட்டி, பாய், புத்தகத்தோடு ஹட்டன் பஸ் ஏறுவது லேசல்ல. ஒரே பெட்டிக்குள் அடங்கும் சாமானோடு போங்கள்.

பகிடிவதையைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையும், கடுங்காயம் அல்லது பாலியல் துன்புறுத்தல் சேர்ந்தால் பத்து வருடம் வரையும் சிறைத்தண்டனை உண்டு. உடற்பயிற்சி என்ற பெயரில் உடம்பை வருத்தும் எதற்கும் பிள்ளை உட்பட வேண்டியதில்லை. மாணவ ஆலோசகர், வார்டன் இருவரின் தொலைபேசி இலக்கத்தையும் முதல் நாளே எழுதி, ஒன்றை வீட்டிலும் வையுங்கள். வெளியே தங்கினால் இதிலிருந்து தப்பலாம் என்ற எண்ணம் பாதிதான் சரி. போர்டிங்குகளிலும் சீனியர்கள் இருக்கிறார்கள், அங்கே வார்டன் இல்லை.

ஹோல் கிடைப்பது வீட்டின் தூரத்தையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்தது. தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர் சம்பளத் துண்டையும் கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். இன்னொன்று: பல தோட்டங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியாகத்தான் லயத்துக்கு வருகிறது, தாமதமாகவே வருகிறது. கடிதத்தை நம்பி இருக்காமல் பீடத்தின் இணையத்தளத்தையும் மின்னஞ்சலையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடிவுத் திகதி தாண்டியபின் காரணம் சொல்லி இடம் வாங்குவது மிகக் கடினம்.

## போர்டிங்

ஹோல் கிடைக்காதவர்களும், இடைப்பட்ட வருடங்களில் ஹோலை விட வேண்டியவர்களும் வருவது இங்கே. பெனிதெனிய, மீவத்துர, ஹிந்தகல, கன்னொறுவ என்று கம்பஸைச் சுற்றி அறைகளும், வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதிகளான அனெக்ஸ்களும் உண்டு. தனி அறை எடுப்பதைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து அனெக்ஸ் எடுப்பதே பொறியியல் பிள்ளைக்குப் பொருந்தும். காசு ஒரு காரணம். குப்பிக்கு ஆள் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். எனவே கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்க்காரர் என்று பார்க்காமல் ஒரே பட்ச், முடிந்தால் ஒரே துறை என்று பாருங்கள். கலைப்பீடத்து நண்பர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவருக்குப் பரீட்சை வேறு வாரத்தில்; நீங்கள் படிக்கும் இரவில் அவரைப் பார்க்க அனெக்ஸில் ஆட்கள் கூடுவார்கள்.

சமைக்க முடிவது போர்டிங்கின் பெரிய பலன். ஆளுக்கு ஒரு வேளைக்கு 125 கிராம் அரிசி என்றால் நால்வருக்கு அரைக் கிலோ. பருப்பு, ஒரு மரக்கறி, பொல் சம்பல், வாரத்தில் இரண்டு நாள் முட்டை அல்லது மீன் டின் என்று நான்கு பேர் முறை வைத்துச் சமைத்தால் ஒருவருக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம்தான் போகும். இந்த முறை உடைவது லேப் நாளில். செவ்வாய் மாலை ஐந்து வரை லேப் உள்ளவர் செவ்வாயில் சமைக்க மாட்டார், பார்சல் வாங்குவார்கள், பிறகு அதுவே பழக்கமாகிவிடும். செமஸ்டர் நேர அட்டவணை வந்த அன்றே அதைப் பார்த்துச் சமையல் முறையையும் எழுதி ஒட்டிவிடுங்கள். 5 கிலோ கேஸ் சிலிண்டர் நால்வருக்குச் சீக்கிரம் தீரும்; 12.5 கிலோ எடுத்து வெளியே காற்றோட்டமாக வையுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்:

1. வீட்டின் பின்புறம். மலையை வெட்டிக் கட்டிய வீடா, வெட்டிய மண்மேடு சுவருக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது, மேட்டில் வெடிப்பு அல்லது நீர்க்கசிவு தெரிகிறதா? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகம் என்ன பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இப்படிப்பட்ட அறை வேண்டாம்.
2. மின் மீற்றர். வீட்டுக்காரரோடு ஒரே மீற்றர் என்றால், அலகு கூடக்கூட விலை கூடும் முறையில் உங்கள் பாவனையும் அவர்களுடையதும் சேர்ந்து மேல் படிக்குப் போகும். தனி மீற்றர் அல்லது உப மீற்றர் உண்டா, அலகுக்கு என்ன கணக்கு என்று எழுதி வாங்குங்கள்.
3. ஈரம். அறையை மழை நாளில் போய்ப் பாருங்கள். பூஞ்சணம் பிடித்த சுவருள்ள அறையில் துணி காயாது, லெப்டொப்பும் நிலைக்காது.
4. இரவுப் பாதை. நூலகத்திலிருந்து ஒன்பது மணிக்குத் திரும்பும் வழியில் விளக்கு இருக்கிறதா, நாய்கள் எப்படி. கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் கேளுங்கள். எட்டு மணிக்குப் பூட்டும் வீடு புரொஜெக்ட் செமஸ்டருக்கு ஒத்துவராது.
5. தண்ணீர்த் தாங்கி, போன் சிக்னல். பள்ளத்தில் இருக்கும் வீடுகளில் சிக்னல் செத்துவிடும். ஒன்லைன் க்விஸ் நடுவில் அறுந்தால் மீண்டும் தர மாட்டார்கள். கம்பஸ் எடுரோம் வைஃபை போர்டிங் வரை வராது.
6. விடுமுறை மாத வாடகை. தொழிற்பயிற்சிக்குக் கொழும்புக்கோ வேறு ஊருக்கோ போகும் மாதங்களில் அரை வாடகையா, முழு வாடகையா, விட்டுவிட்டு வரலாமா?

வீட்டில் இறைச்சி, மீன் சமைக்கக் கூடாது என்பவர்களும் உண்டு. அதை முதலிலேயே கேட்பது இருவருக்கும் நல்லது. சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தால் பேச்சுவார்த்தை பாதி முடிந்தமாதிரி.

## வீட்டிலிருந்தே

இதில் ஊருக்கு ஊர் கணக்கு முற்றிலும் வேறு. தூரத்தைவிடத் திசை முக்கியம்.

கம்பளை, கெலிஓயா, வெலிகல்லைப் பக்கத்தவர்களுக்கு நல்வாய்ப்பு: அவர்கள் கண்டி நெரிசலுக்குள் போகாமலே பேராதனையில் இறங்கலாம். கம்பளையிலிருந்து நடையோடு சேர்த்து ஒரு மணி என்றால் வாரத்துக்கு 10 மணி. தாங்கலாம். நாவலப்பிட்டியிலிருந்து ஒன்றரை மணி என்றால் 15. முதல் வருடத்துக்குத் தாங்காது. மாத்தளை மேலோட்டமாகப் பார்த்தால் கிட்ட, கண்டிக்கு 26 கிலோமீற்றர்தான். ஆனால் காலை ஏழு மணிப் பாடசாலை நெரிசலில் கண்டியைக் கடந்து, கெட்டம்பேயில் நின்று நின்று பேராதனைக்கு வர இரண்டு மணி பிடிக்கும். வாரத்துக்கு 20. ஹட்டனிலிருந்து தினப் பயணத்தை யோசிக்கவே வேண்டாம்.

ரயில் பிடிக்க முடிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கண்டி–பேராதனை பாதையிலுள்ள சரசவி உயன நிலையம் கம்பஸுக்குக் கிட்ட. ஆனால் டித்வாவில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. உங்கள் பக்கத்துச் சேவை இப்போது எப்படி ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். இ.போ.ச. (அரச பஸ்) சீசன் டிக்கட் எடுத்தால் செலவு நன்றாகக் குறையும், ஆனால் அது தனியார் பஸ்ஸில் செல்லாது. காலையில் முதலில் வருவது தனியார் பஸ்ஸாகவே இருக்கும் பாதையில் சீசனும் எடுத்து டிக்கட்டும் வாங்க நேரும். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு நின்று எண்ணிப் பார்த்துவிட்டு சீசன் எடுங்கள்.

போய்வருபவரைக் காப்பாற்றுவது வகுப்புகளுக்கு இடையிலுள்ள வெற்று மணிகள். கம்பஸில் 9 மணி இருந்து வகுப்பு 5 மணி என்றால், சாப்பாடு போக மூன்று மணி நூலகத்துக்கு. இதை உறுதியாகப் பிடித்துக்கொள்பவர்கள் போய்வந்தே நன்றாகச் செய்கிறார்கள். அந்த மூன்று மணியைக் கேன்டீனில் விடுபவருக்கு வீட்டில் எடுக்க வேறு நேரம் கிடைக்காது. பஸ்ஸில் படிக்கலாம் என்ற கணக்கைப் போடவே வேண்டாம். வளைவுப் பாதையில் நின்றுகொண்டு கணக்குச் செய்ய முடியாது. லெக்சர் ஒலிப்பதிவு கேட்கலாம், அவ்வளவுதான்.

வருகைப் பதிவும் இருக்கிறது. 80 சதவீத வருகை கேட்கும் பாடத்தில் வாரம் ஒன்று வீதம் 15 வகுப்பு என்றால் தவறவிடக்கூடியது மூன்று. மண்சரிவால் பாதை மூடிய இரண்டு நாள், ஒரு காய்ச்சல், முடிந்தது.

வீட்டில் அம்மா கையால் சாப்பாடு, நல்ல தூக்கம், மனத்துக்கு ஆறுதல். இவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் வீட்டில் இருக்கும் கம்பஸ் பிள்ளையை வீடு சும்மா விடாது. தம்பிக்குக் கணக்கு, கல்யாண வீடு, கோயில் திருவிழா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூசன். டியூசன் காசு குடும்பத்துக்குத் தேவையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் சனிக்கிழமை நான்கு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தயாரிப்பும் திருத்தமும் சேர்ந்து அது ஆறு மணியாகும். துறைப் பிரிவு முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்தே நடப்பதால், அந்த ஒரு வருடம் மட்டும் டியூசனைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

## கண்டியில் மாமா வீடு இருந்தால்

வாடகை இல்லை, சாப்பாடு உண்டு, பெற்றோருக்கு நிம்மதி. பெண்பிள்ளைகளுக்குப் பல வீடுகளில் இதுவே முதல் யோசனை. கண்டி நகரிலிருந்து நெரிசலோடு முக்கால் மணி என்றால் வாரத்துக்கு ஏழரை மணி. இங்கே விலை காசாக இல்லை, கடமையாக இருக்கிறது: கடையில் கொஞ்ச நேரம், மாமா பிள்ளைகளுக்குப் பாடம், இரவு பத்துக்குமேல் விளக்கை எரியவிடத் தயக்கம். பெற்றோர் போகும்போதே “பரீட்சை மாதத்தில் பிள்ளையை எதற்கும் கூப்பிட வேண்டாம் அண்ணே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். பிள்ளை தானாகச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் அளவில் பெரஹரா நாட்களில் கண்டி வீதிகள் மூடப்படும். அந்த வாரம் பரீட்சை வந்தால் பீடத்துக்குக் கிட்ட நண்பர் அறையில் தங்க முன்பே பேசி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஹோல் | போர்டிங் | வீட்டிலிருந்து |
|---|---|---|---|
| வாரப் பயண நேரம் | 1–4 மணி | 2–5 மணி | 10 (கம்பளை) முதல் 20 (மாத்தளை) |
| குப்பி | எளிது | கூட்டாளிகளைப் பொறுத்தது | கடினம் |
| தங்கும் செலவு | மிகக் குறைவு | அதிகம், விடுமுறையிலும் போகும் | பஸ் காசு மட்டும் |
| சாப்பாடு | வாங்க வேண்டும் | சமைக்கலாம் | வீட்டுச் சாப்பாடு |
| அமைதி | குறைவு | நடுத்தரம் | வீட்டைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | தூக்கம் | அட்வான்ஸ், மின்கட்டணம் | நேரம், வருகைப் பதிவு |

## யாருக்கு எது

முதலாம் வருடம், தமிழ் மொழிமூலம், ஆங்கிலத்தில் பயம் உண்டு என்றால் ஹோல். கம்பளையில் வீடிருந்தாலும் ஹோல் கிடைத்தால் போங்கள் என்றே சொல்வோம். வெள்ளி மாலை வீட்டுக்கு வரலாம்.

ஹோல் கிடைக்காத முதலாம் வருடத்தவர், கம்பளை அளவு தூரத்தில் இருந்தால் முதல் செமஸ்டர் போய்வரலாம். அந்த நேரத்தில் பட்ச்சில் ஒத்துவரும் மூவரைக் கண்டுபிடித்து, இரண்டாம் செமஸ்டருக்கு அனெக்ஸ் எடுப்பது நல்லது. முகம் தெரியாதவர்களோடு அவசரமாக அறை எடுத்து அட்வான்ஸை இழப்பதைவிட இது பாதுகாப்பு.

ஆஸ்துமா, நீரிழிவு போன்ற நோயுள்ள, நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமும் கட்டாயமான பிள்ளைக்கு வீடு அல்லது உறவினர் வீடு. படிப்பு நேரம் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டு, நூலக மணிகளைக் கணக்காகப் பிடிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழோடு பீடத்துக்குக் கிட்டவுள்ள ஹோலைக் கேட்கவும் தயங்க வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் வருடத்தில் ஒரே துறைக்காரர் நால்வர் சேர்ந்த அனெக்ஸ் பல வேளை ஹோலைவிட நன்றாகவே அமையும். அதற்குள் கேள்வித்தாளின் ஆங்கிலம் பழகியிருக்கும், குப்பி எடுப்பவராகவே நீங்கள் மாறியிருப்பீர்கள். அறை தேடலைச் செமஸ்டர் தொடங்க இரண்டு மாதத்துக்கு முன் ஆரம்பியுங்கள். தொழிற்பயிற்சிக்குப் போகும் சீனியர் பட்ச் காலி செய்யும் அறைகளே மிகச் சிறந்தவை. அவர்களிடம் நேரே கேளுங்கள்: மின்கட்டணம் கடைசி மூன்று மாதம் எவ்வளவு வந்தது, மழைக்குச் சுவர் ஊறியதா, அட்வான்ஸ் முழுதாகத் திரும்பியதா.